கணிப்பது வேறு, பந்தயம் கட்டுவது வேறு

ஆண்டுதோறும் மார்ச் மாத நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரி மாணவரின் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்குகிறது. 1939ஆம் ஆண்டு 8 அணிகளுடன் ஆரம்பிக்கப்பட்ட இப்போட்டி, 1985இல் 64 அணிகளாகவும் 2011இல் 68 அணிகளாகவும் விரிந்தது. ஒருமுறை தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு இல்லை. ஊர் திரும்ப வேண்டியதுதான். இதனால் மூன்று வாரங்களுக்கு அந்நாட்டு மக்கள் வேறு பேச்சின்றி இருக்கிறார்கள். அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் ஆலய மண்டபத்திலும் கணிப்புப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த அணி எதனை வெல்லும் என்று எழுதுகிறார்கள். எழுதியவர்களிற் பலர் பணமும் கட்டுகிறார்கள்.

இதனைக் கிராம அபிவிருத்திச் சஞ்சிகையொன்றில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. முதலாவது, கூடைப்பந்தாட்டம் கிறிஸ்தவப் பணியொன்றிற் பிறந்த பிள்ளை. 1891 டிசம்பரில் மசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில், இறையியல் கற்ற ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாடி விளிம்பிலே அறைந்து இந்த ஆட்டத்தைத் தொடக்கினார். பனிக்காலத்தில் உள்ளே அடைபட்டிருந்த வாலிபருக்கு உடலும் உள்ளமும் தேறவேண்டும் என்பதே அவரது நோக்கம். இரண்டாவது, அந்த ஆட்டத்தின்மேல் இன்று கட்டியெழுப்பப்பட்டுள்ள பந்தய வியாபாரம் கைத்தொலைபேசி வழியாக நடக்கிறது. கைத்தொலைபேசிக்குக் கடல் ஒரு தடையல்ல.

எமது கருத்து இதுதான். இரண்டு அணிகளை ஆராய்ந்து எது வெல்லும் எனக் கணிப்பது அறிவுக்கும் உகந்தது, மகிழ்ச்சிக்கும் உகந்தது. ஆனால், அந்தக் கணிப்பின்மேல் பணம் வாங்குவதை ஒரு பெருந்தொழிலாக்கி, அதன் பாரத்தை இருபது வயது மாணவனின் முதுகில் ஏற்றுவது அநீதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதே அவ்வியாபாரத்தின் முதற் பொய்.

ஒரு துறவியின் கணிப்பு

நல்ல கணிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் செல்லத் தேவையில்லை. சிக்காகோ நகரில் இயேசு சபையினரின் லொயோலா பல்கலைக்கழகம் உண்டு. அதன் கூடைப்பந்தாட்ட அணிக்கு 1994 முதல் ஆன்மீக வழிகாட்டியாக இருந்தவர் அருட்சகோதரி ஜீன் டொலரஸ் ஷ்மிட். 1919இல் பிறந்த இவர் 2025 ஒக்டோபரில், தமது 106ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

2021 மார்ச் 21ஆம் திகதி இண்டியானாபொலிஸ் நகரில் லொயோலா அணி இலினோய் பல்கலைக்கழக அணியைச் சந்தித்தது. அச்சுற்றுப்போட்டியின் ஒவ்வொரு பிரிவிலும் அணிகள் 1 முதல் 16 வரை வரிசைப்படுத்தப்படும். இலினோய் தன் பிரிவில் 1ஆவது, லொயோலா 8ஆவது. இலினோய் அப்பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 80 புள்ளிகளுக்கு மேல் எடுத்த அணி; ஏழடி உயரமான வீரர் ஒருவரும் அதன் நடுவில் நின்றார். பெயரையும் வரிசையையும் மட்டும் பார்த்தவர் இலினோய் வெல்லும் என்றே எழுதியிருப்பார்.

அப்போது 101 வயதான அருட்சகோதரி ஆட்டத்துக்கு முன் அணியோடு செபித்தார். அந்தச் செபத்தினுள்ளேயே கணக்கும் இருந்தது. எதிரணி கூடைக்கு அருகிலிருந்து எறிபவற்றில் ஏறக்குறைய பாதியும், மூன்று புள்ளிக்கான தூர எறிகளில் ஏறக்குறைய 30 வீதமுமே உள்ளே விழுகின்றன. ஆகவே தவறித் தெறிக்கும் பந்தை நாம் கைப்பற்றிப் புள்ளியாக்க வேண்டும், மீதியை எமது தடுப்பாட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். லொயோலா 71 - 58 என வென்றது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? கணிப்பவர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எறியும் பந்தில் எத்தனை உள்ளே போகிறது? எறிவதற்கு முன்னரே எத்தனை தடவை பந்தைப் பறிகொடுக்கிறார்கள்? தவறித் தெறிக்கும் பந்தை யார் எடுக்கிறார்கள்? எதிரணியின் தவறினாற் கிடைக்கும் தண்ட எறிகளை எத்தனை முறை பெறுகிறார்கள்? இவற்றோடு ஆட்டத்தின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெதுவாக ஆடும் அணிக்கும் விரைந்தோடும் அணிக்கும் இடையில், தனது வேகத்துக்கு மற்றதை இழுக்கும் அணியே பெரும்பாலும் மேலோங்கும். லொயோலா அன்று செய்தது அதுதான்.

ஆனால் கணிப்புக்கு எல்லையுண்டு. இலினோயை வீழ்த்திய அதே லொயோலா, ஆறு நாட்களுக்குப் பின் 12ஆவது இடத்திலிருந்த ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 65 - 58 எனத் தோற்றது. 2018இல் இதே அருட்சகோதரி தமது படிவத்தில் லொயோலா கடைசி 16 அணிகள் வரையே வருமென எழுதியிருந்தார். அணியோ கடைசி நான்கில் ஒன்றாயிற்று. அதே ஆண்டில் 16ஆவது இடத்து மேரிலன்ட் பல்ரிமோர் கவுண்டி அணி, 1ஆவது இடத்து வேர்ஜினியாவை 74 - 54 என வென்றது. அதற்கு முன் 1985 தொடக்கம் நடந்த அத்தகைய 135 ஆட்டங்களிலும் 1ஆவது அணியே வென்றிருந்தது. 64 அணிகளின் 63 ஆட்டங்களுக்கும் படிவத்தை நிரப்பக்கூடிய வழிகளை எண்ணினால், 9 என எழுதிப் பின்னால் 18 பூச்சியம் இட்டாலும் போதாது. கணிப்பவருக்கு இது பணிவைக் கற்பிக்கிறது. பந்தயம் கட்டுபவருக்கோ இது கடனைக் கற்பிக்கிறது.

பந்தயத்தின் கணக்கு

வலிய அணியும் எளிய அணியும் மோதினால் எல்லோரும் வலிய அணிமீதே பணம் வைப்பார்கள். இதனைச் சமப்படுத்த 1940களில் ஒரு முறை பரவியது. கணித ஆசிரியராக இருந்த சார்ள்ஸ் மக்நீல் என்பவரே இதனை உருவாக்கியவர் என்பர். வலிய அணி வென்றால் மட்டும் போதாது. குறித்த புள்ளி வித்தியாசத்துக்கு மேலாக வெல்ல வேண்டும். வித்தியாசம் 7 எனக் குறித்திருந்தால், 5 புள்ளியால் வென்ற அணிமீது கட்டியவரும் பணத்தை இழப்பார்.

இத்தகைய பந்தயத்தில் 100 டொலர் வெல்வதற்கு 110 டொலர் வைப்பதே வழக்கமான விகிதம். ஒருவர் இப்படி 100 தடவை கட்டிச் சரிபாதி வென்றார் என்று கொள்வோம். வென்ற 50இல் 5,000 டொலர் வரும். தோற்ற 50இல் 5,500 டொலர் போகும். பாதிக்குப் பாதி சரியாகக் கணித்தவருக்கும் நட்டம் 500 டொலர். 100இல் 52 வென்றாலும் நட்டமே. 53 வென்றாற்றான் ஏதும் மிஞ்சும். ஆட்டத்தை நாள்முழுதும் படிப்பவர்களுக்கே அது கடினம். அப்படி மிஞ்சப் பண்ணும் திறமைசாலி எவராவது தென்பட்டால், அவர் வைக்கக்கூடிய தொகையைப் பந்தய நிறுவனங்கள் குறைத்துவிடுவதும் அங்கு அறியப்பட்ட வழக்கம். திறமைக்கு இடமுண்டு என்று விளம்பரம் செய்கிறவர்களே திறமைசாலியை வாசலில் மறிக்கிறார்கள். தோற்பவருக்கோ கதவு எந்நேரமும் திறந்திருக்கிறது.

மாணவன் பட்ட பாடு

இந்தப் புள்ளி வித்தியாச முறை இன்னொரு தீமையையும் கொண்டுவந்தது. மாணவனை அணுகும் தரகர், தோற்றுப்போ என்று கேட்கத் தேவையில்லை. வெல், ஆனால் கொஞ்சமாக வெல் என்று சொன்னாற் போதும். யாருக்கும் நட்டமில்லையே என்று மாணவனின் மனச்சாட்சியும் உறங்கிவிடுகிறது.

நியூயோர்க் நகரக் கல்லூரி 1950இல் இரண்டு தேசியச் சுற்றுப்போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றது. கட்டணமின்றிக் கற்பித்த அக்கல்லூரியில் உழைக்கும் வர்க்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் படித்தனர். யூத இளைஞரும் கறுப்பின இளைஞரும் தோளோடு தோள் நின்று ஆடிய அந்த அணியை நகரமே கொண்டாடியது. மறு ஆண்டு, 1951இல், அவ்வணியின் முக்கிய வீரர்கள் தரகரிடம் பணம் வாங்கிப் புள்ளிகளைக் குறைத்த குற்றத்துக்காகக் கைதாயினர். விசாரணை விரிந்தபோது 7 கல்லூரிகளின் 32 வீரர்கள் அகப்பட்டனர். சில மாணவர் சிறை சென்றனர். தொழில்முறை ஆட்டத்தின் கதவும் அவர்களுக்கு மூடப்பட்டது. அவர்கள் செய்தது தவறே. ஆனால் அந்தத் தவறுக்கான சந்தையை அமைத்தவர்கள் அவர்கள் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது.

கைத்தொலைபேசியில் வந்த கடை

1992இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சில மாநிலங்கள் தவிர்ந்த ஏனையவற்றில் விளையாட்டுப் பந்தயத்துக்குத் தடை விதித்தது. நியூ ஜேர்சி மாநிலம் தொடுத்த வாதத்தை ஏற்று, 2018 மே 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. அதன்பின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்தன. முன்னர் தேடிப் போக வேண்டியிருந்த கடை, இப்போது மாணவனின் படுக்கையருகிற் கிடக்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பணம் கட்டலாம். எந்த அணி வெல்லும் என்பதோடு நில்லாமல், இன்ன மாணவன் எத்தனை புள்ளி எடுப்பான் என்பதன்மேலும் கட்டலாம்.

இதன் விளைவு யாது? அணி வென்றாலும், தன் பெயரில் வைத்த பணம் போனவன் அந்த மாணவனை விடமாட்டான். 2021 சுற்றுப்போட்டியில் 2ஆவது இடத்து ஒகாயோ மாநில அணி 15ஆவது இடத்து அணியிடம் தோற்றதும், அதன் வீரர் ஒருவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவரே 2024 மார்ச்சில், தனி மாணவர்மீதான பந்தயங்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களைக் கேட்டார். பழைய நோயும் ஒழியவில்லை. 2026 ஜனவரியில் பிலடெல்பியாவில், கல்லூரி ஆட்டங்களின் புள்ளிகளை மாற்றச் சூழ்ந்தார்கள் என 20க்கும் மேற்பட்டோர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 1951இல் தொடங்கிய பாடம் இன்னும் முடிந்தபாடில்லை.

எமது வீட்டையும் பார்ப்போம்

திருச்சபை இதனைக் கண்டிக்கும்போது, ஆலயத் திருநாளில் நீங்களும் சீட்டிழுப்பு நடத்துகிறீர்களே என்று கேட்பவர் இருப்பார். நியாயமான கேள்வி. மெதடிஸ்த திருச்சபை மரபாகவே எல்லாவகைச் சூதையும் எதிர்த்து வந்துள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ பந்தயத்தை அதனளவில் அநீதியென்று கூறவில்லை. ஆனால் ஒருவர் தம்முடையதும் பிறருடையதும் ஆன தேவைக்கு வேண்டியதை அது பறிக்கும்போது ஒழுக்கத்துக்கு ஒவ்வாததாகிறது எனவும், சூதின் வேட்கை மனிதனை அடிமையாக்கக்கூடும் எனவும் எச்சரிக்கிறது.

இந்த அளவுகோல் எமக்குப் போதுமானது. நண்பர் பத்துப்பேர் ஒரு தேநீருக்குப் படிவம் நிரப்புவதில் வெல்பவரும் தோற்பவரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். தோற்றவரின் முகம் வென்றவருக்குத் தெரியும். நிறுவனப் பந்தயத்தில் அந்த முகம் எவருக்கும் தெரிவதில்லை. ஆகவே எந்தப் பந்தயத்தைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்போம். யார் நடத்துகிறார்? யாருடைய தேவைக்கான பணம் அதில் வைக்கப்படுகிறது? யாருடைய பிள்ளை அதற்குப் பகடையாகிறான்? எமது சீட்டிழுப்பையும் இதே கேள்விகளால் அளந்து பார்ப்பதிற் தவறில்லை.

செய்யத்தக்கவை

வெளிநாட்டுக் குதிரைகள்மீது பணம் கட்டும் கடைகளை எமது நகர்களும் அறியும். கூலியை வாங்கி வீடு வரும் வழியிற் கரைத்தவர்களின் வீடுகளை எமது மாதர் சங்கங்கள் அறியும். சிக்கன கடனுதவிச் சங்கத்தில் கிழமைக்குக் கிழமை சேர்த்த பணம் ஓர் இரவிற் கைத்தொலைபேசியிற் போய்விடக் கூடாது.

வெறுந் தடையால் இளைஞரை மறிக்க முடியாது. அவர்களது ஆர்வத்துக்கு வேறொரு வழி காட்ட வேண்டும். இளைஞர் கழகங்கள் காசின்றிக் கணிப்புப் போட்டி நடத்தலாம். பாடசாலைகளின் கூடைப்பந்தாட்டமோ வலைப்பந்தாட்டமோ நடக்கும்போது, எறிந்த பந்தையும் விழுந்த பந்தையும் எண்ணி எழுதி, ஏன் இந்த அணி வெல்லும் என்று காரணத்தோடு சொல்லச் சொல்லலாம். வீதமும் சராசரியும் கரும்பலகையிற் படிப்பதைவிட அங்கே நன்றாகப் பதியும். மேலே தந்த 110 டொலர்க் கணக்கையும் ஒருமுறை அவர்களே செய்து பார்க்கட்டும். அதன்பின் நீண்ட பிரசங்கம் தேவைப்படாது.

அருட்சகோதரி ஜீன் எதிரணியை எண்ணிப் படித்தார், வெற்றிக்காகச் செபித்தார். ஆட்டம் முடிந்த பின்னரும் அவரது வேலை முடிந்ததில்லை. தமது அணி வீரருக்கு அவர் மின்னஞ்சல் எழுதுவார். நன்றாக ஆடியதைச் சொல்வார், சோர்ந்திருப்பவரைத் தேற்றுவார். பந்தயம் கட்டியவருக்கு ஆட்டத்தின் பின் மாணவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பிள்ளையின் ஆட்டத்தை நாம் எதற்காகப் பார்க்கிறோம் என்பதை, அவன் தோற்ற அன்று நாம் அவனுக்குச் சொல்லும் வார்த்தை காட்டிவிடும்.