பொன் நிறுக்கும் தராசு

2010 டிசம்பரில் அலாஸ்காவிலே தொடங்கி, அடுத்த பருவத்திலேயே கனடாவின் குளோண்டைக் பள்ளத்தாக்குக்கு நகர்ந்த 'கோல்ட் ரஷ்' என்னும் தொலைக்காட்சித் தொடரை எமது மாணவர்களும் பார்க்கிறார்கள். பார்த்தபின் அவர்கள் எம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இம்முறை யார் வெல்வார்?” அக்கேள்வியே எம்மை எழுதத் தூண்டியது.

தொடரின் உச்சக்கட்டம் தராசு. இயந்திரங்களின் இரைச்சல் ஓய்ந்தபின், கூட்டத்தார் மேசையைச் சூழ்ந்து நிற்க, முதலாளி பொன்னை நிறுக்கிறார். இத்தனை அவுன்ஸ் என்றதும் ஆரவாரம். ஆரவாரிப்போரில் மிகப் பெரும்பாலோர் கூலிக்கு உழைப்பவர்கள். உறைபனி இறுகிய மேல்மண்ணை அகற்றுபவரும், சரளையை அள்ளிக் கழுவுபவரும், நள்ளிரவில் பழுதான பொறியின் கீழ்ப் படுத்துக் கிடப்பவரும் இவர்களே. நிறுக்கப்படும் பொன்னோ இவர்களுடையதன்று. அவர்தம் உழைப்பை நாம் இகழவில்லை. அதன் அருமையை அறிந்தே பேசுகிறோம். ஆனால், அயற்கூட்டத்தின் இயந்திரம் உடைந்தால் மகிழவேண்டும் என்றல்லவா இத்தொடர் அவர்களுக்கும் எமக்கும் கற்பிக்கிறது! போட்டி கூலியாளுக்கும் கூலியாளுக்கும் இடையிலே; முதலாளி இருவர் பக்கத்திலும் தலைவர்.

அத்தலைவர்களின் பகைதான் என்ன? எதிரிகளாகச் சித்திரிக்கப்படும் பார்க்கர் ஷ்னாபெலும் டோனி பீட்ஸும் ஒருகாலத்தில் குத்தகைக்காரரும் நிலத்துக்குரியவருமாய் இருந்தவர்கள். முன்னவர் அகழ்ந்த பொன்னில் ஒரு பங்கு, அகழாத பின்னவருக்குச் சென்றது. நிலவாரம் என்று நாம் பாடம் நடத்தும் இவ்வுறவை இரு மனிதரின் குணபேதமாக மாற்றிக்காட்டுவதே தொடரின் சாமர்த்தியம்.

நிலத்தின் கதை இன்னும் பழையது. 1896 ஆகஸ்டில், பின்னர் பொனான்சா எனப் பெயர்பெற்ற ஓடையிலே பொன்னைக் கண்ட குழுவில், கெய்ஷ் எனவும் ஸ்கூக்கும் ஜிம் எனவும் அழைக்கப்பட்ட பழங்குடியினர் ஒருவர் இருந்தார். முதற் கண்டுபிடிப்புக்குரிய உரிமை காமாக் என்ற வெள்ளையரின் பெயரிலே பதிவாயிற்று. குளோண்டைக் ஆறு யூக்கோனுடன் கூடுமிடத்தில் சல்மன் மீன் பிடித்து வாழ்ந்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள், பொன் தேடி வந்த பெருங்கூட்டத்தால் 1897 இல் தம் வாழிடத்தை விட்டு மூஸ்ஹைடுக்குப் பெயர்ந்தனர். அவர்களின் நிலவுரிமை ஒப்பந்தம் நிறைவேற 1998 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு நூற்றாண்டு!

பொது மக்களுக்குக் கிடைப்பது யாது? 1906 இல், அவுன்ஸின் மதிப்பு 15 டொலர் எனக் கொண்டு, அதில் 2.5 சதவீதம் அரசுக்கு என வகுத்தார்கள், அதாவது 37.5 சதம். உலகச் சந்தையில் அவுன்ஸ் 2,000 டொலரைக் கடந்த 2024 இலும் யூக்கோனில் அதே 37.5 சதந்தான். அவ்வெண்ணைத் தராசு மேசையில் எவரும் வாசித்ததை நாம் கண்டதில்லை.