குப்பைக்குப் போன வட்டுகளும் விலைக்குப் போன பெயரும்

ஒரு நிறுவனம் மூடப்படும்போது அதன் சொத்துகளைக் கணக்கிட வருவோர் காணியையும் கட்டிடத்தையும் தளபாடங்களையும் எழுதிக்கொள்வர். வர்த்தகப் பெயருக்கும் ஒரு விலை குறிப்பர். ஆனால் அங்கு பணியாற்றியோரின் பல வருட உழைப்பைச் சுமந்திருக்கும் வட்டுகளும் வரைபடங்களும் மாதிரிக் கருவிகளும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவை குப்பைக்கே போகின்றன.

அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தின் கதை இதற்குத் தக்க சான்று. 1972 ஆம் ஆண்டு நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரும் தொடங்கிய இந்நிறுவனம், வீடியோ விளையாட்டை உலகின் வீடுகளுக்குள் கொண்டு சென்றது. 1983 இல் சந்தை சரிந்தது. அந்த ஒரே ஆண்டில் ஏற்பட்ட நட்டம் 50 கோடி டொலரைத் தாண்டியது. விற்பனையாகாத விளையாட்டுப் பேழைகள் லொறிகளில் ஏற்றப்பட்டு, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. 2014 இல் அந்த இடம் தோண்டப்பட்டபோது சுமார் 1,300 பேழைகள் வெளியே வந்தன. அவற்றுள் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது.

1984 இல் ஜாக் டிராமியலின் கைக்கு மாறிய அட்டாரியின் வீட்டுப் பாவனைக் கணனிப் பிரிவு, 1996 இல் ஜே.ரி.எஸ். என்னும் நிறுவனத்துடன் இணைந்து மறைந்தது. ஜே.ரி.எஸ். சென்னையில் தொழிற்சாலை வைத்து வன்தட்டுகள் தயாரித்த நிறுவனம் என்பது தமிழருள் பலர் அறியாத செய்தி. அதுவும் 1998 இல் முறிந்தது. அதே ஆண்டில் அட்டாரியின் பெயரையும் உரிமைகளையும் ஹாஸ்ப்ரோ 50 இலட்சம் டொலருக்கு வாங்கியது.

பெயருக்குக் கிடைத்த விலை இது. அந்தப் பெயரை உண்டாக்கிய வேலைக்குக் கிடைத்தது என்ன? 1996 இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் இருந்த அலுவலகம் காலிசெய்யப்பட்டபோது, அட்டாரி 7800 விளையாட்டுகளின் மூலநிரல் அடங்கிய வட்டுகள் கட்டிடத்தின் பின்னால் இருந்த குப்பைத்தொட்டியில் வீசப்பட்டன. ஆர்வலர்கள் அவற்றை மீட்டனர். 2009 இல் ‘அட்டாரி நூதனசாலை’ என்ற இணையத்தளம் வழியாக அவை எவரும் படிக்கக்கூடியவாறு வெளியாகின. அத்தளத்தை நடத்தியவர் 2020 இல் மறைந்த கேர்ட் வென்டெல். பழைய அட்டாரி 2600 கருவியை ‘பிளாஷ்பேக் 2’ என்ற பெயரில் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவர 2005 இல் பெயரின் உரிமையாளர்கள் முனைந்தபோது, அதனை வடிவமைத்துக் கொடுத்தவரும் அவரே. பணம் கொடுத்துப் பெயரை வாங்கியவர்கள், பழையதைச் சேர்த்து வைத்த மனிதரிடமே செல்ல வேண்டியிருந்தது.

குப்பையைக் கிளறுவது முறையா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. கைவிடப்பட்ட கணனிகளில் ஊழியரின் சம்பள விபரமும் வாடிக்கையாளரின் அந்தரங்கமும் இருக்கலாம். அவை அழிக்கப்பட வேண்டியவை. ஆயின் ஒரு மூட்டை கடிதத்துக்காக முழு வீட்டையும் எரிப்பாருண்டோ? மூடப்படும் நிறுவனம், அப்புறப்படுத்துமுன் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் ஆவணங்களை ஒரு சுவடிகள் காப்பகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்க முன்வர வேண்டும் என்று விதி இருந்தால், பிரிக்க வேண்டியதைப் பிரித்துக் காக்க வேண்டியதைக் காக்கலாம். தற்செயலாக வந்து சேரும் ஆர்வலர்களை நம்பி வரலாற்றை விடுவது பொறுப்பான செயலல்ல.

இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய விடயமுமல்ல. தொண்ணூறுகளில் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வெளிவந்து நின்றுபோன தமிழ்ப் பத்திரிகைகள் பல, கணனியிலேயே பக்கம் அமைத்தவை. அவற்றுள் பெரும்பாலானவை பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தின. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அக்கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தோன்றும். பழுதான கோப்பென எண்ணி ஒருவர் அழித்துவிடக்கூடும். உண்மையில் அது யாரோ ஒருவர் எழுதிய ஆசிரியத் தலையங்கமாக இருக்கலாம். அதை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

காந்தப் பூச்சு அழிந்த நெகிழ்வட்டை எவராலும் மீட்க முடியாது. பத்திரிகையோ அச்சகமோ நடத்தி ஓய்ந்தவர்கள் இவ்வாசகருள் இருப்பின், மூலையில் கிடக்கும் பழைய கணனியைப் பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் அதனுள் இருப்பதைப் படியெடுத்து வைப்பார்களாக.