அடுப்படியில் ஒரு அரியர்!

இன்டர்னல் டெஸ்ட் எல்லாம் எப்படிப் போச்சு? சரி விடுங்க, புண்பட்ட மனசைக் கிளற வேண்டாம். இந்த வார மேட்டர் கேம்பஸில் இல்லை, வீட்டில். அதுவும் நம்மில் பாதிப் பேர் தண்ணி பாட்டில் எடுக்க மட்டுமே எட்டிப் பார்க்கிற ஏரியா. யெஸ்... அடுப்படி!

எங்கள் வீட்டுக் கிச்சனைப் புதுசாக்குகிறோம். அம்மா பல வருஷமா சீட்டு கட்டிச் சேர்த்த பணம். "நீதான் ட்ரிபிள்-ஈ படிக்கிறியே, கரன்ட் அடுப்பு, அவன் எல்லாம் நீயே பார்த்து செலக்ட் பண்ணுடா" என்றார் அப்பா. மூணு வருஷத்தில் என் படிப்பை மதித்து அவர் சொன்ன முதல் வார்த்தை. விடுவேனா?

ஷோரூமுக்குப் போனோம். பளபளன்னு கறுப்புக் கண்ணாடியில் நாலு அடுப்பு வைத்த இன்டக்ஷன் ஹாப். கீழே, அலமாரிக்குள் பதிக்கிற பெரிய அவன். பக்கத்தில் தனியாக ஒரு மைக்ரோவேவ். "மூணையும் செட்டா எடுத்தா ரேட் குறையும் சார்" என்றார் சேல்ஸ்மேன். 'சார்' என்ற ஒரே வார்த்தையில் நான் பாதி கவுந்துட்டேன். அட்வான்ஸ் கொடுக்கப் போகும் நேரம், அதுவரை பேசாமல் நின்ற அம்மா கேட்டார்: "தம்பி, இதுல அப்பளம் சுடலாமா?"

சேல்ஸ்மேன் சிரித்துச் சமாளித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், உங்க வீட்ல சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? எத்தனை கிலோவாட் லோடு?" என்றார். மூணு வருஷம் எலெக்ட்ரிகல் படித்த எனக்கு பதில் தெரியவில்லை. பல்பு மக்களே பல்பு! அதுவும் எல்.இ.டி. இல்லை, பழைய நூறு வாட்ஸ் குண்டு பல்பு!

அட்வான்ஸ் பணம் பாக்கெட்டுக்குத் திரும்பியது. அதன்பிறகு ரெண்டு வாரம் நான் எழுதிய அரியர் பேப்பர்தான் இது. உங்கள் வீட்டிலும் ஒருநாள் இந்தப் பேச்சு வரும். ஸோ, நோட்ஸ் எடுத்துக்கோங்க.

முதல் யூனிட்: மெயின் போர்டு!

வாட்ஸை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர். ஸ்கூலில் படித்த அதே ஃபார்முலாதான். நாலு அடுப்பு ஹாப் எல்லாம் ஒன்றாக ஓடினால் சுமார் 7,000 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் 30 ஆம்பியர். பதிக்கிற அவன் சுமார் 3,000 வாட்ஸ், அதாவது 13 ஆம்பியர். மைக்ரோவேவ் ஒரு 1,400 வாட்ஸ், 6 ஆம்பியர். கூட்டினால் கிட்டத்தட்ட 50 ஆம்பியர்! இதில் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், கீசர், ஏ.சி. எதுவும் சேர்க்கவில்லை.

எங்கள் வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கிச்சன் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். "தம்பி, இங்க பாருங்க. மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் மூணுக்கும் சேர்த்து ஒரே 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரு. இதுல போய் ஏழாயிரம் வாட்ஸா? அடுப்பு சூடாகறதுக்கு முன்னாடி சுவரு சூடாகிடும்!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஏற்கெனவே இருக்கிற பிளக்கில் மாட்டியிருந்தால்?

அவர் சொன்ன கணக்கு சிம்பிள். 16 ஆம்பியர் பவர் பிளக்குக்குக் குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர். ரெண்டு அடுப்பு ஹாப் என்றால் 4. நாலு அடுப்பு என்றால் 6. ஹாப்புக்கு ஒரு லைன், அவனுக்கு ஒரு லைன், ரெண்டுக்கும் மெயின் போர்டில் தனித்தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகக் கூடாது. ஈ.பி. கார்டில் வீட்டுக்கு எவ்வளவு லோடு அனுமதி என்று பார்த்து, போதாவிட்டால் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னாடி! ஒட்டின பிறகு ஞாபகம் வந்தால், டைல்ஸையும் உடைக்கணும், வீட்டில் நம்மையும் உடைப்பாங்க.

இரண்டாவது யூனிட்: காந்த டெஸ்ட்!

இன்டக்ஷனில் அடுப்பு சூடாவதில்லை, பாத்திரம்தான் சூடாகிறது. கண்ணாடிக்கு அடியில் ஒரு காயில். அதில் விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கும் மேல் திசை மாறுகிற கரன்ட். அதனால் உண்டாகிற காந்தப்புலம் பாத்திரத்தின் அடிப்பாகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, அங்கேயே சூட்டை உண்டாக்குகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். ஃபர்ஸ்ட் இயரில் ரெண்டு மார்க் கேள்வியாக நினைத்தோமே, அது!

இதற்குப் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு பாத்திர அலமாரியில் இறங்கினேன். அலுமினிய இட்லிப் பானை? ஃபெயில். பழைய அலுமினிய குக்கர்? ஃபெயில். பாட்டி காலத்து ஈயச்சொம்பு, மண்சட்டி? ஆப்சென்ட்! எவர்சில்வரில் பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை. எல்லா எவர்சில்வரும் ஒரே சாதி இல்லை. 304 என்கிற நல்ல கிரேடில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 430-ல் ஒட்டும். தோசைக்கல், இரும்பு வாணலி ரெண்டும் டிஸ்டிங்ஷன். ஆனால் வாணலியின் அடி வளைந்திருப்பதால் பிராக்டிகலில் அவுட். தோசைக்கல்லிலும் ஒரு சிக்கல். காயிலைவிடக் கல் பெரிசா இருந்தால் நடுவில் தோசை கருகும், ஓரத்தில் வெள்ளையாகவே நிற்கும்.

ரொம்ப முக்கியமான ஆள் ஒருத்தர் இருக்கார், தாளிப்புக் கரண்டி! அவ்வளவு குட்டிப் பாத்திரத்தைப் பெரும்பாலான இன்டக்ஷன் அடுப்புகள் 'பாத்திரமே இல்லை' என்று நினைத்து ஆஃப் ஆகிவிடும். கடுகு வெடிக்காத வீட்டில் சாம்பார் ஏது பாஸ்? அப்பளம் சுடுவது, கத்திரிக்காய் சுடுவது... அதற்கும் தீ வேணும். ஷோரூமில் அம்மா கேட்ட கேள்வியை நான் காமெடியாக நினைத்தேன். உண்மையில் அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட ஒரே டெக்னிகல் கேள்வி அதுதான்.

இன்னொரு விஷயம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், ஓடுகிற இன்டக்ஷன் அடுப்புக்கும் அவருக்கும் ரெண்டடி தூரமாவது இருக்கட்டும். வாங்கும் முன்பே அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது யூனிட்: கேஸா, கரன்டா?

'இன்டக்ஷன்னா கரன்ட் பில் எகிறிடும்', 'இல்லை இல்லை, கேஸைவிட சீப்' என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வாங்க. நாமே கணக்குப் போடலாம். ஒரு வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். கிலோவுக்குச் சுமார் 46 மெகா ஜூல் வெப்பம். மொத்தம் 653 மெகா ஜூல். 3.6 மெகா ஜூல் ஒரு யூனிட் கரன்ட் என்பதால், சுமார் 181 யூனிட். கேஸ் அடுப்பின் திறனை 68 சதவிகிதம் என்று வைத்தால் பாத்திரத்தில் சேர்வது 123 யூனிட். இன்டக்ஷனின் திறன் சுமார் 85 சதவிகிதம். ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இன்டக்ஷன் செய்ய சுமார் 145 யூனிட் வேணும்.

இப்போ உங்கள் வீட்டு சிலிண்டர் விலையை 145-ஆல் வகுங்கள். வருகிற தொகை, உங்கள் பில்லில் கடைசி யூனிட்டுக்குக் கட்டும் ரேட்டைவிட அதிகமா? இன்டக்ஷன் லாபம். குறைவா? கேஸ் லாபம். 'கடைசி யூனிட்' என்பதுதான் இங்கே பாயின்ட். ஏசி ஓடுகிற வீட்டில் இன்டக்ஷன் யூனிட்டெல்லாம் மேல் ஸ்லாபில் போய் உட்காரும். ஒரே அடுப்பு, ஒரு வீட்டில் லாபம், பக்கத்து வீட்டில் நஷ்டம்!

அப்புறம் கரன்ட் கட். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல ஏரியாக்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. ஃபேன், லைட்டுக்காக வைத்திருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் 2,000 வாட்ஸ் அடுப்பைத் தாங்காது. கேஸ் அடுப்பை மொத்தமாகத் தூக்கிப் போடுகிற ஐடியா இருந்தால், இதை யோசிங்க.

நான்காவது யூனிட்: அவன்... அதாவது, அம்மா!

இந்த யூனிட்டில்தான் எனக்கு நிஜமாவே அரியர். இவ்வளவு கணக்கும் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் கெத்தாக அறிவித்தேன்: "அவன் வேஸ்ட்மா. ஒரு வாரம் நம்ம வீட்ல என்னென்ன சமைச்சேன்னு லிஸ்ட் எடுத்தேன். அவன் தேவைப்படற ஐட்டம் ஒண்ணுகூட இல்லை. கேன்சல் பண்ணிட்டு நாலு அடுப்பு ஹாப்பே வாங்கிடலாம்."

அம்மா தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் இல்லாத வீட்ல அவன்ல செய்யற ஐட்டம் எப்படிடா லிஸ்ட்ல வரும்?"

நான் கப்சிப்.

"மாடி வீட்டு அக்காகிட்ட ஆறு மாசமா கேக் கத்துக்கறேன். அவங்க அவன்லதான் போட்டுப் பார்க்கறேன். பிறந்தநாளுக்கு ஆர்டர் எடுத்துச் செய்யலாம்னு ஒரு ஆசை. அந்த நாலு அடுப்பு உனக்கும் அப்பாவுக்கும்தான் ஆசை. எனக்கு நாலு கையா இருக்கு?"

ஆறு மாசம்! நானும் அந்த கேக்கைத் தின்றிருக்கிறேன், 'மாடி வீட்டு அக்கா கொடுத்தாங்க' என்று நினைத்து. ஒயரின் கனம் முதல் பாத்திரத்தின் காந்தம் வரை அளந்த நான், அங்கே நின்று சமைக்கிறவரிடம் 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று மட்டும் கேட்கவில்லை.

அப்புறம் ரெண்டு பேருமாக உட்கார்ந்து அவன் பாடம் படித்தோம். மைக்ரோவேவ், உணவில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடாக்கும். சாதம் சூடு பண்ண ஓகே. ஆனால் தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். கேக் மேலே அந்தப் பொன்னிறம் வர 140 டிகிரிக்கு மேல் உலர்ந்த சூடு வேணும். ஸோ, வெறும் மைக்ரோவேவில் கேக் வேகும், சிவக்காது. கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ரெண்டு வேலையும் பார்க்கும். ஆனால் நடுவில் தட்டு சுற்றுவதால் பெரிய சதுர ட்ரே வைக்க முடியாது. ஓ.டி.ஜி. விலை குறைவு, மேலும் கீழும் கம்பிச் சூடு, வீட்டு கேக்குக்குத் தாராளம். பதிக்கிற அவன் 60, 70 லிட்டர் வரும். ரெண்டு ட்ரே ஒரே நேரத்தில் போகும், ஆனால் தனி லைன் கேட்கும். எதை வாங்கினாலும் உள்ளே வைக்கிற குட்டி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பல அவன்களில் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்காது.

கடைசியில் என்ன முடிவு? ரெண்டு அடுப்பு இன்டக்ஷன் ஹாப், சாதம், பால், குக்கருக்கு. பழைய கேஸ் அடுப்பு பக்கத்திலேயே இருக்கும், தோசை, தாளிப்பு, அப்பளத்துக்கு. மைக்ரோவேவ் கட். மிச்சமான பணம் புது ஒயரிங்குக்கு. த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. பதிக்கிற அவன் உண்டு. ஆனால் ஷோரூமில் பார்த்த மாதிரி அடுப்புக்குக் கீழே இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி. சூடான ட்ரேயைக் குனிந்து தூக்க வேண்டாம் என்று, அவர் நெஞ்சு உயரத்துக்கு அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டோம். கார்பென்டர் உயரத்தைக் குறிக்க வந்தபோது, டேப்பை என் பக்கம் நீட்டினார். நான் அம்மாவைக் கையைக் காட்டினேன்.

ஸோ மக்களே, இந்த வார ஹோம்வொர்க். வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரங்களைத் தடவிப் பாருங்கள். அதுக்கும் முன்னாடி, அடுப்படியில் நிற்கிறவரிடம் போய் 'உனக்கு என்ன வேணும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சிலபஸிலேயே இல்லாத மாதிரி வரும்.

அடுத்த வாரம் பார்க்கலாம். வரட்டா? மேலே கேக் வெந்துட்டிருக்கு... இந்தத் தடவை யார் சுட்டதுன்னு தெரிஞ்சே சாப்பிடப் போறேன்!