கேமராவுக்கு 28,000, காலுக்கு 800!

2009-இல் அப்பாவுக்கு மணிவிழா, திருக்கடையூரில். அதற்கென்றே 28,000 ரூபாய் கொடுத்து ஒரு ஹேண்டிகேம் வாங்கினேன். "சார், ஸ்டாண்டு?" என்று கடைக்காரர் கேட்டார். மூணு காலுக்கு எதுக்கு தண்டச்செலவு என்று, இருப்பதிலேயே மலிவானதை 800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பேங்க் ஆபீசர் புத்தி, வேறென்ன?

அப்பா தாலி கட்டுகிற நேரம். கேமராவை ஓடவிட்டு அட்சதை போடப் போயிருந்தேன். ட்ரைபாட்டின் தலை மெள்ள மெள்ளக் குனிந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் கேமரா ஜமுக்காளத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது! கெட்டிமேளம் துல்லியமாகக் கேட்கும். படத்தில் யாரோ ஒருவரின் கால் கட்டைவிரலும் ஒரு வாழைப்பழமும்தான். அப்பா 2020-இல் போய்விட்டார். அந்த நாலு நிமிஷத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்கிறேன்.

அதனால் சொல்கிறேன். பட்ஜெட் போடும்போது முதலில் ட்ரைபாட்டுக்கு எடுத்து வையுங்கள், மிச்சத்துக்குக் கேமரா வாங்குங்கள். தலைகீழ் யோசனையாகத் தெரியும். படித்தது பி.காம். என்பதால் கணக்காகவே பார்க்கிறேன். டேப், ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு என்று கேமராக்கள் மாறிக்கொண்டே வந்தன. என் ஹேண்டிகேமின் இன்றைய மதிப்பு பூஜ்யம். ஆனால் சிறிய கேமராக்களின் அடியில் இருக்கும் அந்தக் கால் அங்குலத் திருகுத் துளை மட்டும் மாறவே இல்லை. நல்ல ட்ரைபாட் இன்னும் நாலு கேமராவைப் பார்த்துவிடும். தேய்மானம் இல்லாத சொத்து என்று எங்கள் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார், நான் சொல்வேன்.

கடையில் போட்டோ ட்ரைபாட்டைக் காட்டி இதுவே போதும் சார் என்பார்கள். போதாது. போட்டோவுக்கு அசையாமல் நின்றால் போதும். வீடியோவுக்கோ அசைக்கும்போது ஒழுங்காக அசைய வேண்டும். அதற்குத்தான் ஃப்ளூயிட் ஹெட். 1940-களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் எரிக் மில்லர் உருவாக்கிய சங்கதி. உள்ளே இருக்கும் கெட்டியான திரவம் நம் கையின் உதறலை வாங்கிக்கொள்ளும். விளக்கெண்ணெயில் கரண்டியைத் திருப்பிப் பாருங்கள், அப்படி இருக்கும். மலிவானதில் ஃப்ளூயிட் என்று ஸ்டிக்கர் மட்டும் இருக்கும், உள்ளே வெறும் கிரீஸ்!

ஸ்டிக்கரை நம்பாமல் கடையிலேயே சோதித்துவிடுங்கள். கால்களை முழுக்க நீட்டி, தலையைப் பிடித்து முறுக்குங்கள். கால்கள் துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டால் வந்த வழியே திரும்பலாம். உங்கள் கேமராவை ஏற்றி மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பிக் கையை எடுங்கள். நூலளவு பின்னுக்கு வந்தாலும் வேண்டாம். பிறகு கேமராவைப் பாதி குனியவைத்துப் பூட்டிவிட்டு ஐந்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வாருங்கள். (இந்த ஐந்து நிமிஷத்தைத்தான் நான் 2009-இல் செலவழிக்கவில்லை.) தாங்கும் எடை என்று அட்டையில் போட்டிருப்பதில் பாதியை நம்பினால் போதும்.

நடுக்கம்பியை உயர்த்தவே உயர்த்தாதீர்கள். மூன்று கால் கொடுத்த உறுதியை ஒற்றைக் கம்பியில் கொண்டுபோய் வைப்பானேன்? மல்லேஸ்வரம் சௌடையா ஹாலில், 1980-இல் வயலின் வடிவத்தில் கட்டித் திறந்தார்களே அங்கேதான், பொண்ணு ஆடியதைப் பின்வரிசையில் இருந்து எடுத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து ஜூம் போட்டால் பக்கத்தில் ஒருவர் எழுந்து நடப்பதுகூடப் படத்தில் தெரிகிறது. இன்னொன்று, ட்ரைபாட்டில் ஏற்றியதும் கேமராவின் ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேமராவைத் திருப்பும்போது படம் இழுத்து இழுத்துத் துள்ளும்.

போன் இருக்கே, கிம்பல் இருக்கே என்பீர்கள். நடந்துகொண்டே எடுக்க கிம்பல் அருமை. ரெண்டு மணி நேர அரங்கேற்றத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அப்புறம் பேசலாம். போனுக்கும் ஒரு கிளிப் மாட்டினால் இதே ட்ரைபாட்தான்.

"இந்த நாலு கிலோவை ஊருக்கு யார் தூக்குறது?" என்று வீட்டுக்காரம்மா கேட்டது நியாயம்தான். ராத்திரி ரயிலில் பெர்த்துக்கு அடியில் இடத்தை அடைக்கத்தான் செய்கிறது. வருஷத்துக்கு ஒரு விசேஷம்தான் என்றால் வாங்கவே வேண்டாம். பெங்களூரில் நாள் வாடகைக்கே கிடைக்கிறது. நானும் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிறேன். அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து அந்த மணிவிழாக் கதையைச் சொல்லச் சொல்லப் போகிறேன். அப்பா தாலி கட்டும்போது என்னவோ சொல்லிச் சிரித்தாராம். டேப்பில் மேளச் சத்தத்தில் அது கேட்கவில்லை.

டிஸ்கி: எந்த ட்ரைபாட் கம்பெனிக்காரரும் எனக்கு ஒரு காப்பிகூட வாங்கித் தரவில்லை.