மண்சரிவு ஆய்வுக்கான நிதி: சித்திரபுரத்திலிருந்து ஒரு நிலைப்பாடு

மண்சரிவு ஆய்வுக்கான பணத்தைத் துறைவாரியாகப் பிரிக்காமல், ஒரு மலைச்சரிவுக்கு மொத்தமாக ஒதுக்க வேண்டும். அந்தச் சரிவில் குடியிருப்பவர்களுக்கு ஆய்வுக்குழுவில் ஊதியத்தோடு இடம் தர வேண்டும். எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் (வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்துபோயின. இறந்தவர்கள், கிடைக்காமலே போனவர்களையும் சேர்த்து, 70 பேர். கரண்டு இல்லை, போன் எடுக்கவில்லை. செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆகிவிட்டது. மழையை அளப்பது வானிலைத் துறை. மண்ணையும் பாறையையும் பார்ப்பது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். மேலே இருப்பது காடு, அது வனத்துறைக்கு. கீழே இருப்பது லயம், அது கம்பெனிக்கு. ஆளுக்கொரு துண்டு தெரியும். துண்டுகளைச் சேர்த்து, இன்ன லயத்தில் இன்று இரவு படுக்காதீர்கள் என்று சொல்லும் அளவுக்கு அறிவு ஓரிடத்தில் திரளவில்லை.

திரட்ட முடியும் என்பதற்குச் சான்று மூணாறிலேயே இருக்கிறது. அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009 வாக்கில் நிறுவிய கருவிகள் மண்ணுக்குள் நீரின் அழுத்தம், சரிவின் அசைவு, அதிர்வு, மழை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அளந்து கம்பியில்லாமல் அனுப்புகின்றன. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களும் புவியியல் படித்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்ததால் வந்தது அது. தொடக்கத்தில் ஐரோப்பிய ஆணையத்தின் பணம் கிடைத்ததும் கம்பியில்லா வலையமைப்பு ஆய்வு என்ற பெயரில்தான். மண்சரிவு அதற்கு ஒரு சோதனைக் களம். மண்சரிவுக்கென்றே கேட்டிருந்தால் அந்த மனு எந்த மேசையில் தூங்கியிருக்குமோ!

வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் விவசாயிகளின் கையில் மழைமானியைக் கொடுத்துத் தினமும் கணக்கு வாங்குகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கையும் சூரல்மலையும் அழிவதற்கு முன்பே அந்தக் கணக்கை வைத்து எச்சரித்ததும் அந்த மையம்தான். எங்கள் எஸ்டேட்டுகளிலும் மழையை அளந்து எழுதிவைப்பது தலைமுறைப் பழக்கம். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலோ முதலில் பார்ப்பது கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள். இதையும் தரவு என்றே எண்ண வேண்டும்.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி தொழில் நிறுவனங்கள், கொடையாளர்களிடமிருந்து வர வேண்டும். லயத்துக்கு மேலிருக்கும் சரிவை ஆராய்வதில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? இத்தகைய ஆய்வுக்கான பணம் அரசின் பங்கிலிருந்தே வர வேண்டும் என்கிறோம்.

மூன்று வருடத் திட்டமும் எங்களுக்கு உதவாது. மூன்று மழைக்காலத்தில் ஒரு மலையைப் படிக்க முடியாது. பத்து வருடமாவது வேண்டும். கருவி வாங்கும் பணத்தோடு பேட்டரி மாற்றவும், அறுந்த வயரை இழுத்துக் கட்டவும் பணம் ஒதுக்க வேண்டும். சமூகவியலாளரோடு சேர்ந்து எழுதும் இளம் புவியியலாளரின் கட்டுரை பதவி உயர்வில் அரைக் கட்டுரையாக எண்ணப்படக் கூடாது. எச்சரிக்கை மலையாளத்தோடு தமிழிலும் வர வேண்டும்; இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

துறைகளைக் கலைக்கச் சொல்லவில்லை. இது எங்கள் கூட்டத்திலேயே விவாதமானது. பாறையை ஆழமாகப் படித்தவர் இல்லாத கூட்டுக்குழு வெறும் கூட்டம்தான். அவரவர் படிப்பு அவரவருக்கு இருக்கட்டும். கணக்குப் புத்தகமும் பொறுப்பாளரும் ஒன்றாக இருந்தால் போதும்.

லயங்களுக்கு மேலே ஊற்று கிளம்பும் இடங்களை நேரில் காட்ட எங்கள் உறுப்பினர்கள் தயார். ஆய்வாளர்கள் ஜூன் மழை இறங்குவதற்கு முன் வரட்டும். பிறகு வந்தால் அட்டைக்கடியோடு வழுக்குப் பாதையில்தான் ஏற வேண்டியிருக்கும்.