படப் புத்தகமும் வகுப்பறையும்

மழலையர் வகுப்புகளில் படப் புத்தகங்களைக் கொண்டு பாடம் நடத்தும் வழக்கம் பரவி வருகிறது. அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969-ல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. புழு திங்களன்று ஓர் ஆப்பிளைத் தின்கிறது. செவ்வாயன்று இரண்டு பேரிக்காய். வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு. முடிவில் வண்ணத்துப்பூச்சி ஆகிறது. எண்ணிக்கை, கிழமை, இயற்கைப் பாடம் மூன்றும் ஒரே கதையில் அடங்கிவிடுகின்றன. புழு துளைத்த ஓட்டைகள் பக்கங்களிலேயே இருப்பதால் குழந்தை விரலை நுழைத்து எண்ணலாம். இம்முறை வரவேற்கத்தக்கதே.

ஆனால், பல இடங்களில் நடப்பது வேறு. புழுவின் படத்தை நகலெடுத்துக் கொடுத்துப் பச்சை பூசச் சொல்கிறார்கள். வண்ணம் கோட்டைத் தாண்டினால் மதிப்பெண் குறைகிறது. மறுநாள் கொண்டுவர வேண்டிய அட்டைப் புழுவை இரவில் கண்விழித்து ஒட்டுபவர் தாயார். குழந்தை தூங்கிவிடுகிறது. இதில் கற்றது யார்?

கார்லின் வாழ்க்கையே இதற்கு விடை கூறும். 1929-ல் பிறந்த அவர், ஆறு வயதில் பெற்றோருடன் ஜெர்மனி சென்றார். அங்கே பள்ளியில் பிரம்படி பட்டார். பின்னர் ஓர் ஓவிய ஆசிரியர், நாஜி அரசு ஒதுக்கிவைத்த ஓவியங்களை அவருக்கு இரகசியமாகக் காட்டினார். ஃபிரான்ஸ் மார்க் தீட்டிய நீலக் குதிரையை வைத்து 2011-ல் ஒரு நூலே எழுதினார் கார்ல். குதிரை நீலமாகவும் இருக்கலாம் என்று குழந்தைக்குச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

மெல்லிய தாளில் தாமே வண்ணம் தீட்டி, வெட்டி ஒட்டுவதே கார்லின் முறை. பழைய பத்திரிகைத் தாளும் பசையும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடுகிறது. அதே படங்களைக் காட்டி, மாலையில் பெற்றோர் தமிழில் கதை சொல்லலாம். புழு நாவற்பழமும் கொய்யாவும் தின்றால் தவறில்லை. வகுப்பிலும் அவரவர் வீட்டு மொழியில் கதையைத் திருப்பிச் சொல்லக் குழந்தைகளை அனுமதிக்கலாம். இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டு மொழி வழியே கற்பிக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது.

பள்ளி நிர்வாகங்கள் கதைக்கு முதலிடம் தரட்டும். கைவேலை வகுப்பிலேயே, குழந்தையின் கையாலேயே நடக்கட்டும். அது கோணலாக இருந்தாலும் சுவரில் ஒட்டிவைக்குமாறு வேண்டுகிறோம்.