பூட்டுக்கு யார் ஊர்வலம் போவார்கள்?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் கரட்டடிபாளையம் என்று ஓர் ஊர். அங்கே பிறந்து, கோவையில் பொறியியல் படித்து, அமெரிக்கா போய், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஜி.வி. லோகநாதன். நீரியல் அவர் பாடம். 2007 ஏப்ரல் 16, திங்கள்கிழமை காலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றான் ஒரு மாணவன். அன்று அந்த வளாகத்தில் அவன் கொன்றது மொத்தம் 32 பேர்.

இவ்வளவும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு சமாசாரம் இருக்கிறது.

2005 டிசம்பரிலேயே அந்த மாணவனை ஒரு நீதிமன்றம் பார்த்துவிட்டது. இவன் தனக்கே ஆபத்தானவன், வெளிநோயாளியாக சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவும் போட்டது. அமெரிக்க மத்திய சட்டப்படி அப்படிப்பட்ட ஆளுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால், ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டவர்களின் பெயரைத்தான் அனுப்ப வேண்டும், வெளிநோயாளி பெயரை அனுப்பத் தேவையில்லை என்று வர்ஜீனியா மாநிலம் தன் பாட்டுக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டுவிட்டது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பெயர் இல்லை. எடுத்துக்கோ தம்பி என்று கொடுத்துவிட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டு கைத்துப்பாக்கிகள்.

புதுச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போயிருந்தால் போதும்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் எப்போது பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி வெடித்தாலும் அடுத்த நாளே இரண்டு பஜனை கோஷ்டிகள் கிளம்பிவிடும். ஒரு கோஷ்டி, ஏ.ஆர்.15 மாதிரி துப்பாக்கிகளைத் தடை செய் என்று பாடும். இன்னொன்று, 1791-ல் எழுதிவைத்த இரண்டாவது திருத்தத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, கை வைத்தால் தெரியும் சேதி என்று பாடும். இரண்டும் நன்றாகத் தொண்டை கட்டும்வரை பாடிவிட்டுக் கலைந்துபோகும். அடுத்த பள்ளிக்கூடத்தில் வெடிக்கும். மறுபடி பஜனை.

நான் எந்தத் துப்பாக்கிக்கும் வக்கீல் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். குறிப்பிட்ட ரகத்தைத் தடை செய்தால் பிள்ளைகள் பிழைத்துவிடுவார்கள் என்பது, நல்ல மனசுக்காரர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும் வேலை.

முதலில் இந்த ஏ.ஆர்.15 என்பது என்ன? ஏ.ஆர். என்றால் 'அசால்ட் ரைஃபிள்' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஆர்மலைட் என்கிற கம்பெனியின் பெயர் அது. ராணுவத்தின் எம்.16-க்கு ஒன்றுவிட்ட தம்பி. விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு குண்டு. ஆனால் 30 குண்டு போடும் பெட்டியை மாட்டிக்கொள்ளலாம். சடசடவென்று சுடலாம்.

இந்த ரகத்தை அமெரிக்கா ஏற்கெனவே ஒருமுறை தடை செய்து பார்த்திருக்கிறது. 1994-லிருந்து 2004 வரை, பத்து வருஷம். எப்படித் தடை செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. சில துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடை செய்தார்கள். மற்றவற்றுக்கு லட்சணப் பட்டியல். கழற்றும் பெட்டி உள்ள ரைஃபிளில் கைத்துப்பாக்கி மாதிரி பிடி, மடக்குகிற கட்டை, முனையில் கத்தி மாட்டுகிற கொக்கி போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. ஒன்று இருந்தால் பரவாயில்லை! கம்பெனிக்காரன் என்ன செய்வான்? கொக்கியை வெட்டி எறிந்துவிட்டு, அதே துப்பாக்கியை அதே கடையில் விற்றான். ஏற்கெனவே வீட்டில் வைத்திருந்தவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், கைமாற்றலாம். பத்துக்கு மேல் குண்டு பிடிக்கும் பெட்டிகளையும் தடை செய்தார்கள். அந்தச் சட்டத்தில் கொஞ்சம் புத்தியோடு எழுதிய பகுதி அது ஒன்றுதான். அதிலும் பழைய பெட்டிகளுக்கு விதிவிலக்கு.

அந்தத் தடை அமலில் இருந்தபோதுதான், 1999 ஏப்ரல் 20 அன்று, கொலம்பைன் நடந்தது. 12 மாணவர்கள், ஓர் ஆசிரியர். சுட்ட இரண்டு பையன்களிடம் இருந்த நான்கு துப்பாக்கிகளில் ஒன்று பெயர் சொல்லித் தடை செய்யப்பட்ட ரகம். தடைக்கு முன்னால் தயாரானது என்பதால் உலவிக்கொண்டிருந்தது.

சரி, பிரிட்டன் தடை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1996-ல் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். மறு வருஷமே கைத்துப்பாக்கியைத் தடை செய்தார்கள். சுமார் 1,62,000 துப்பாக்கிகளை ஜனங்கள் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே அப்படி ஒரு பள்ளிப் படுகொலை நடக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவர்கள் தடை செய்தது எதை? அநேகமாக எல்லாக் கைத்துப்பாக்கிகளையும். அதுவும் ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் இருந்த தேசத்தில். எந்த வீட்டில் எது இருக்கிறது என்று போலீசுக்குத் தெரியும். அமெரிக்காவில்? ஜனங்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் 39 கோடி என்று 2018-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஜனத்தொகையைவிட அதிகம். யாரிடம் எது இருக்கிறது என்று மத்திய அரசு பதிவேடு வைத்துக்கொள்ளவே கூடாது என 1986-ல் ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். பேரேடே இல்லாத கடையில் இருப்பு எடுக்கப் போகிறவனை என்னவென்று சொல்வது?

ஓட்டுக் கணக்கையும் பாருங்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளியில் 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். நாடே அழுதது. நான்கே மாதத்தில், 2013 ஏப்ரலில், செனட்டில் தடை மசோதா வந்தது. ஆதரவு 40, எதிர்ப்பு 60. அந்த டிசம்பரில் துப்பாக்கி வாங்குவோருக்கான பின்னணிச் சோதனைகள் எத்தனை தெரியுமா? 27 லட்சத்துக்கும் மேல். அதுவரை எந்த மாதத்திலும் அவ்வளவு நடந்ததில்லை. தடை வரப்போகிறது என்று சொன்னதும் ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?

ஆக, கிடைக்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருப்பது. கேட்கும் ஒவ்வொரு முறையும் எதிரி கல்லா நிரம்புவது. கிடைத்தாலும் முக்கால்வாசி சம்பவங்களில் அது துப்பாக்கியைத் தொடாமல் போவது. வியாபாரத்தில் இதற்குப் பெயர் நஷ்டம்.

முக்கால்வாசி என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்க ரகசியப் போலீசின் ஆய்வு மையம், 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019-ல் அறிக்கை கொடுத்தது. துப்பாக்கியால் தாக்கியவர்களில் 76 சதவிகிதம் பேருக்கு அது எங்கிருந்து கிடைத்தது? பெற்றோர் வீட்டிலிருந்து. அல்லது நெருங்கிய சொந்தக்காரர் வீட்டிலிருந்து. அதில் ஏறக்குறைய பாதி இடங்களில் அது ஒழுங்காகப் பூட்டி வைக்கப்படவில்லை.

கடத்தல்காரன் கொடுக்கவில்லை ஐயா. அப்பாவின் அலமாரி கொடுத்தது.

2018 மே மாதம் டெக்சாஸின் சான்டா ஃபேயில் பத்துப் பேர் செத்தார்கள். வேட்டைத் துப்பாக்கியும் பழைய பாணி ரிவால்வரும். இரண்டும் அப்பாவுடையவை. எந்தத் தடைப் பட்டியலிலும் வராதவை.

2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி. பதினைந்து வயசுப் பையன். நான்கு நாள் முன்னால் அப்பா ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அன்று காலை பையன் தாளில் துப்பாக்கிப் படம் வரைந்து, உதவி கேட்டு எழுதியிருந்ததை ஆசிரியை பார்த்துவிட்டார். அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்கள். வந்தார்கள். வீட்டுக்கு அழைத்துப் போக மாட்டோம், வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் கேட்கவில்லை, பையைத் திறந்து பார்க்கவில்லை. வகுப்புக்குப் போ என்று அனுப்பிவிட்டது. பைக்குள்தான் இருந்தது. மத்தியானம் அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் செத்தார்கள். பெற்றோர் இருவருக்கும் 2024-ல் பத்து முதல் பதினைந்து வருஷம் சிறை கிடைத்தது.

கேட்டிருந்தால்? திறந்து பார்த்திருந்தால்? அன்று காலை வீட்டு டிராயரில் ஒரு பூட்டு இருந்திருந்தால்?

இந்த மூன்று கேள்விகளுக்கும் இரண்டாவது திருத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது எதிர்க்கோஷ்டிக்கு வருகிறேன். அவர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால் நல்லவன் கையிலும் கொடு என்பது அவர்கள் வைத்தியம். 2022 மே 24, டெக்சாஸின் யுவால்டி. வந்து குவிந்த போலீசார் 376 பேர். எல்லோரும் நல்லவர்கள், எல்லோர் கையிலும் துப்பாக்கி. உள்ளே 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுடப்பட்டுக் கிடக்க, 77 நிமிஷம் காத்திருந்தார்கள். அந்த வகுப்பறைக் கதவு சரியாகப் பூட்டுவதில்லை என்பது பள்ளியில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஒரு பூட்டை ரிப்பேர் செய்ய வக்கில்லை. வாத்தியாருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பார்களாம்!

இதே கோஷ்டிதான், துப்பாக்கியில் தப்பில்லை, மனநோய்தான் காரணம் என்று சொல்லும். நல்லது. அப்படியானால் பள்ளிகளுக்கு மனநல ஆலோசகர்கள் வேண்டுமே? அதற்கென்று ஒதுக்கிய சுமார் 100 கோடி டாலர் மானியத்தை நிறுத்துவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது டிரம்ப் அரசின் கல்வித் துறை. வாய் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று செய்கிறது.

அப்ப என்னதான் செய்யணும்ங்கறே என்கிறீர்களா? செய்து காட்டியதையே சொல்கிறேன்.

ஒன்று, காது. பள்ளிக்கூடத்தில் சுடுகிறவன் திடீரென்று கிறுக்குப் பிடித்துச் சுடுவதில்லை. 1974 முதல் 2000 வரை நடந்தவற்றை அதே ரகசியப் போலீஸ் ஆராய்ந்தபோது, 81 சதவிகித சம்பவங்களில் யாராவது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு. அவர்கள் பயமில்லாமல் சொல்ல ஒரு வழி வேண்டும். கொலம்பைன் நடந்த கொலராடோ மாநிலம் 2004-ல் பெயர் சொல்லாமல் தகவல் தரும் தொலைபேசி வசதி ஏற்படுத்தியது.

தகவல் வந்தால் அதை வாங்கிப் பார்க்க ஆள் வேண்டும். பார்க்லாண்டில் 17 பேர் சாவதற்கு ஒரு மாதம் முன்பு, அந்தப் பையனைப் பற்றி எஃப்.பி.ஐ.க்கே போன் வந்தது. உள்ளூர் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. மறுபடியும் அதே காகிதம், அதே மேஜை. லோகநாதன் செத்த வர்ஜீனியா பாடம் படித்துக்கொண்டது. முதல்வர், ஆலோசகர், போலீஸ்காரர் சேர்ந்து உட்கார்ந்து விசாரிக்கும் குழு ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் கட்டாயம் என்று 2013-ல் சட்டம் போட்டது. பையனைத் துரத்திவிடுவது நோக்கமில்லை. அவனுக்கு என்ன பிரச்னை, வீட்டில் துப்பாக்கி உண்டா, என்று கேட்பது. முளையிலேயே தடுக்கப்பட்ட 67 சதித் திட்டங்களைப் பற்றி 2021-ல் ஓர் அறிக்கையே வந்தது. தடுக்கப்பட்டது செய்தியாவதில்லை. அதனால் உங்களுக்கும் எனக்கும் தெரியவில்லை.

இரண்டு, பூட்டு. கேபிள் பூட்டை பல ஊர்களில் போலீஸ் ஸ்டேஷனிலேயே இலவசமாகத் தருகிறார்கள். பூட்டாமல் வைத்து, பிள்ளை எடுத்துப் போனால் அப்பனுக்கு ஜெயில் என்று ஒவ்வொரு மாநிலமும் சட்டம் போடட்டும்.

மூன்று, வயசு. யுவால்டியில் சுட்டவனுக்குப் பதினெட்டு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பிறந்த நாள் வந்ததும் கடைக்குப் போய் இரண்டு ஏ.ஆர். ரகத் துப்பாக்கி வாங்கிவிட்டான். பீர் வாங்க 21 வயசாக வேண்டும். ரைஃபிளுக்கு 18 போதும். பார்க்லாண்டுக்குப் பிறகு 2018 மார்ச்சில் ஃப்ளோரிடா இதை 21 ஆக்கியது. ஆபத்தான ஆளிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கவும் வழி செய்தது. கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி கவர்னர்!

2022 ஜூனில் வாஷிங்டனிலும் இதே கதை. தடை என்ற வார்த்தையை எடுத்தார்கள். 21 வயசுக்குக் கீழானவர்களுக்குக் கூடுதல் சோதனை, பள்ளி மனநலத்துக்குப் பணம் என்று ஒரு மசோதா. செனட்டில் 65 ஓட்டு. அதில் 15 குடியரசுக் கட்சி ஓட்டு. சில வாரம் கழித்து கீழ்சபை மறுபடியும் தடை மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அது செனட்டோடு செத்தது.

தடையே வேண்டாம் என்கிறாயா என்று கேட்டால், என்றைக்காவது முடிந்தால் செய்யட்டும், கை தட்டுகிறேன். அதுவரை பிள்ளைகளை அடமானம் வைக்காதீர்கள் என்கிறேன். பூட்டுக்கு யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். காகிதத்தை அடுத்த மேஜைக்கு அனுப்பியவருக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். அதில் ஓட்டும் இல்லை, நன்கொடையும் இல்லை. இரண்டு கோஷ்டியும் அதனால்தான் அதைப் பாடுவதில்லை.

கடைசியாக உங்களுக்கு. உங்கள் மகளோ மச்சினனோ டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ இருக்கலாம். பேரன் அங்கே பள்ளிக்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்து பழகிக்கொண்டிருப்பான். இந்த வாரம் போனில் பேசும்போது ஒன்று சொல்லுங்கள். குழந்தையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும்முன், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அதெப்படிப்பா கேட்கிறது, தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா என்பார்கள்.

நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.